தோற்கன்றும் பாடம் செய்த பறவைகளும்: மலாய்த் தீவுக்கூட்டத்தில் மூன்று எதிர்வினைகள்

முன்னுரை

இறந்த விலங்கின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே பஞ்சோ வைக்கோலோ திணித்து, அது உயிரோடிருந்த கோலத்தில் நிறுத்திவைக்கும் தொழிலைத் தமிழில் ‘பாடம் செய்தல்’ என்று வழங்குகிறோம். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் ‘டாக்சிடெர்மி’ என்னும் சொல்லை 1803ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் லூயி டுஃப்ரேன் ஆண்டார். ஒழுங்கமைத்தல், தோல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. அருங்காட்சியகங்களின் வரலாற்றை எழுதுவோர் இத்தொழிலின் நுட்பங்களைப் பற்றியும் சேகரித்தோரைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். ஆனால், பாடம் செய்த உடலின் முன் நின்ற மனிதர் என்ன உணர்ந்தனர், என்ன வினவினர் என்பது அவ்வரலாறுகளில் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகிறது.

இடம்பெறும்போதும் ஒரு வழக்கமான பகுப்பு காணப்படுகிறது. ஐரோப்பியரின் எதிர்வினை அறிவியல் ஆர்வம் என்றும், இம்மண்ணின் மக்களுடைய எதிர்வினை வியப்பு, அச்சம், மூடநம்பிக்கை என்றும் பிரிக்கப்படுகின்றன. இப்பகுப்பு பொருந்துமா என்பதே நம் வினா. மலாய்த் தீவுக்கூட்டத்தைச் சார்ந்த மூன்று பதிவுகளை இதற்கு எடுத்துக்கொள்கிறோம். அவை மலாக்காவில் முன்ஷி அப்துல்லா கண்டது, சரவாக்கில் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் செய்தது, ஆரு தீவில் பெயர் தெரியாத ஒரு முதியவர் கேட்டது ஆகியன. இவற்றுக்கு முன், தமிழர் நெடுங்காலமாக அறிந்த ஒரு வழக்கத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

தோற்கன்று

கன்றை இழந்த பசு பால் சுரக்க மறுக்கும். அப்போது இறந்த கன்றின் தோலை உரித்து உலர்த்தி, வைக்கோல் திணித்துத் தைத்து, பசுவின் முன் நிறுத்துவது தமிழக நாட்டுப்புறங்களில் இருந்துவந்த வழக்கம். தோற்கன்று, வைக்கோற்கன்று என்னும் பெயர்கள் இதனால் ஏற்பட்டன. பசு அதை முகர்ந்து நக்கும், மடி சுரக்கும், மனிதர் கறந்துகொள்வர். தோற்கன்று காட்டிக் கறந்த பாலை நல்லோர் அருந்தார் என்னும் கருத்தும் நம் அற மரபில் உண்டு. எம் பாட்டியார் இவ்வழக்கத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார். தம் ஊரில் அப்படிக் கறந்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை என்றும், ஆயினும் வேறு பால் இல்லாத வீட்டில் கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை என்றும் அவர் கூறியதை நாம் பலமுறை கேட்டுள்ளோம்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, பாடம் செய்தல் தமிழருக்கு ஐரோப்பியர் கொண்டுவந்த புதுமையன்று. நுட்பம் எளியதாயினும் கருத்து ஒன்றே: இறந்ததன் தோலைக் கொண்டு இருப்பதுபோலக் காட்டுதல். மற்றொன்று, தோற்கன்று யாருக்காகச் செய்யப்படுகிறது என்பது. பார்வையாளர் மனிதரல்லர், தாய்ப்பசுவே பார்வையாளர். அது கண்ணால் காண்பதைவிட மூக்கால் அறிவதே மிகுதி. ஆதலால் தோற்கன்றில் கன்றின் மணம் நிலைத்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் நிற்கும் உடலோ இதற்கு நேர்மாறானது. அதில் எந்த மணமும் இருத்தல் கூடாது. மனிதக் கண்ணுக்கு மட்டுமே அது படைக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

நஞ்சும் கற்பூரமும்

பாடம் செய்த உடல்களின் பெரும்பகை பூச்சியும் பூஞ்சையும் ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் சேர்த்துவைத்த பறவைத் தோல்களில் மிகப் பலவற்றைப் பூச்சிகள் தின்றொழித்தன. பிரான்சின் மெட்ஸ் நகரைச் சேர்ந்த மருந்தாளர் ழான் பப்தீஸ்த் பெக்கூர் (1718–1777) உருவாக்கிய வெள்ளைப் பாடாணச் சவர்க்காரம் இந்நிலையை மாற்றியது. பாடாணத்தூள், சவர்க்காரம், சுண்ணாம்பு, கார உப்பு, கற்பூரம் ஆகியவற்றைக் குழைத்துத் தோலின் உட்புறம் பூசுவது அவர் முறை. அவர் தம் வாழ்நாளில் இதனை வெளியிடவில்லை. அவருக்குப் பின்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இது அச்சேறிப் பரவியது.

காலனித்துவ விரிவாக்கமும் இந்நுட்பத்தின் பரவலும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. வெப்பமும் ஈரமும் மிக்க இப்பகுதியில் ஓர் உடல் ஓரிரு நாளில் அழுகிவிடும். எறும்புகள் அதற்கும் முந்திக்கொள்ளும். மலாக்காவிலோ சரவாக்கிலோ சுட்ட பறவை ஒன்று மாதக்கணக்கான கப்பற் பயணத்தைத் தாங்கி இலண்டனை அடைய வேண்டுமெனில், அதனை உடனே உரித்துப் பதனிடும் கைகள் இங்கேயே இருந்தாக வேண்டும். எனவே, பாடம் செய்தலை இம்மண்ணின் மக்கள் முடிந்த காட்சிப்பொருளாக மட்டும் காணவில்லை. அது நடைபெறும் வேலையாகவே கண்டனர். அவர்களின் எதிர்வினைகளைப் படிக்கும்போது இதனை மறத்தலாகாது.

மலாக்கா: முன்ஷி அப்துல்லா

1810ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 1811ஆம் ஆண்டு ஜூன் வரை, சாவகப் படையெடுப்புக்கான முன்னேற்பாடுகளுக்காக ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தார். அவரிடம் எழுத்துப் படியெடுக்கும் பணியில் சேர்ந்த சிறுவருள் ஒருவரே பின்னாளில் நவீன மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்பட்ட அப்துல்லா பின் அப்துல் காதிர். 1796ஆம் ஆண்டளவில் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணவுறவு கொண்ட அரபியர். பாட்டியார் பெரியாச்சி மலாக்காவில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அப்துல்லாவும் இளமையில் தமிழ் கற்றார். வணிகக் கணக்குக்கும் உரையாடலுக்கும் தமிழ் தேவைப்பட்டதால், மலாக்காவின் வசதிமிக்க குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் வழக்கம் இருந்ததாக அவரே தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். 1843இல் எழுதி முடிக்கப்பெற்று 1849இல் சிங்கப்பூரில் அச்சான ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்னும் அந்நூலே நம் முதற் சான்று.

ராஃபிள்ஸ் நால்வரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, இலை பூக்களுக்கு ஒருவர், புழு பூச்சிகளுக்கு ஒருவர், சிப்பி பவளங்களுக்கு ஒருவர், விலங்கு பறவைகளுக்கு ஒருவர் என்று பிரித்து அனுப்பியதை அப்துல்லா விவரிக்கிறார். மக்காவிலிருந்து வந்த சீன ஓவியர் ஒருவர் பழங்களையும் பூக்களையும் உயிருள்ளனபோல வரைந்ததையும், பாம்பு, தேள் முதலியவை சாராயத்தில் இடப்பட்டதையும் எழுதுகிறார். மலாக்கா மக்கள் இதனைக் கண்டு வியந்தனர் என்பது அவர் கூற்று. அதே மூச்சில், அவர்களில் பலர் காட்டிலும் கடலிலும் தேடிக் கொண்டுவந்து விற்றுப் பணம் ஈட்டினர் என்றும் சொல்லிவிடுகிறார்.

ராஃபிள்ஸ் ஊர் திரும்பப் பொருள்கள் கட்டப்பட்டபோது, உள்ளுடல் நீக்கப்பட்டு உயிருள்ளனபோல் திணித்துவைக்கப்பட்ட விலங்குகளையும், பெட்டி பெட்டியாகப் பறவைகளையும் கண்டதாக அவர் பதிவு செய்கிறார். இவற்றை ராஃபிள்ஸ் பொன்னினும் மேலாக மதித்ததும், ஒன்றும் சேதமுறாதபடி அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டதும் அவர் கண்ணில் படுகின்றன.

இப்பதிவில் அருவருப்போ அச்சமோ இல்லை. அப்துல்லா பொருளைக் காட்டிலும் பொருளுக்குச் செலுத்தப்படும் கவனத்தையே உற்றுநோக்குகிறார். வேலைப் பிரிவு, சம்பளம், சந்தை, கட்டும் முறை என அவர் காண்பவை ஒரு துறைமுக நகரத்தில் வளர்ந்தவருக்கு நன்கு விளங்கும் செய்திகள். காட்டிலும் கடலிலும் கிடப்பதற்கு இத்துணை மதிப்பு வரக்கூடும் என்பதே அவரை வியக்கவைக்கிறது.

இதன் தொடர்ச்சி நம் கவனத்துக்குரியது. 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், ராஃபிள்ஸ் பென்கூலனிலிருந்து புறப்பட்ட ‘ஃபேம்’ என்னும் கப்பல் அன்றிரவே தீப்பற்றி எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் சேகரிப்பு முழுவதும் அழிந்தது. செய்தியறிந்த அப்துல்லா பெரிதும் வருந்துகிறார். அவர் வருந்துவது முதன்மையாக மலாய்ச் சுவடிகளுக்காக. அச்சேறாத கையெழுத்து நூல்கள் அவை. படி எதுவுமின்றி ஒரே இரவில் போயின. மற்றொரு பறவையைக் காட்டில் பிடித்துவிடலாம், மற்றொரு சுவடியை எங்கே தேடுவது என்னும் எண்ணம் அவருக்கு இருந்திருக்கக்கூடும். பறவைகளும் தீர்ந்துபோகலாம் என்று எண்ணும் காலம் அப்போது வந்திருக்கவில்லை.

சரவாக்: எருமைத்தோலால் ஒரு தாய்

மாதிரிகளைச் சேகரித்து விற்றே பயணம் செய்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854ஆம் ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர் வந்திறங்கினார். எட்டாண்டுக் காலத்தில் அவர் திரட்டியவை 125,660 மாதிரிகள். அவற்றுள் 8,050 பறவைகள், 310 பாலூட்டிகள். 1869இல் வெளிவந்த ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்னும் அவர் நூல் நம் இரண்டாவது, மூன்றாவது சான்றுகளைத் தருகிறது.

1855ஆம் ஆண்டு சரவாக்கின் சிமுன்ஜான் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வாலஸ் ஒரு பெண் ஓராங் உத்தானைச் சுட்டு வீழ்த்தினார். அதன் குட்டி சேற்றில் முகங்குப்புறக் கிடந்தது. ஏறத்தாழ ஓரடி நீளம். தூக்கிச் செல்லும்போது அது அவருடைய தாடியை இறுகப் பற்றிக்கொண்டது. அதை வளர்ப்பதென அவர் முடிவுசெய்தார். ஆனால் அப்பகுதியில் பால் அருந்தும் வழக்கம் மலாய்க்காரரிடமோ சீனரிடமோ டாயாக்கரிடமோ இல்லாமையால் பால் கிடைக்கவில்லை. சோற்றுக் கஞ்சியைப் புட்டியிலிட்டு, அடைப்பில் இறகுத்தண்டு செருகி ஊட்டினார். துணைக்கு ஒரு குட்டிக் குரங்கையும் வாங்கி விட்டார்.

குட்டி எப்போதும் உரோமத்தைப் பற்றிக்கொள்ளவே தேடியது. ஆதலால் வாலஸ் எருமைத்தோல் துண்டொன்றைச் சுருட்டிக் கட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிட்டார். அதைச் செயற்கைத் தாய் என்றே அவர் குறிப்பிடுகிறார். குட்டி அதைப் பற்றிக்கொண்டு சில நாள் அமைதியுற்றது. பின்னர்த் தாயின் நினைவு வந்ததுபோல் அதில் பால் குடிக்க முயன்றது. எங்கெங்கோ வாய்வைத்துத் தேடியது. வாய் நிறைய உரோமமே வந்தது. வெறுத்துப்போய் உரக்கக் கத்தியது. ஒருநாள் உரோமம் தொண்டையில் சிக்கி மூச்சுத்திணறும் நிலை ஏற்படவே, வாலஸ் அந்தத் தோல்தாயைப் பிரித்தெறிய நேர்ந்தது.

தோற்கன்றை அறிந்த தமிழருக்கு இக்காட்சி தலைகீழாக நின்றாலும் அந்நியமானதன்று. அங்கே தாய்க்குக் கன்றின் தோல். இங்கே குட்டிக்குத் தாயின் இடத்தில் ஒரு தோல். அங்கே ஏமாற்று பலித்துப் பால் சுரந்தது. இங்கே சுரக்கப் பாலே இல்லாமையால் ஏமாற்று பலிக்கவில்லை. இரண்டிலும் உறவு பிரிந்த இடத்தைத் தோல் நிரப்ப முயல்கிறது. இரண்டிலும் தோலை நிறுத்தும் கை மனிதருடையது. வேறுபாடு ஒன்றுண்டு. தாய் ஓராங் உத்தானைக் கொன்றவரும், அதன் இடத்தில் தோலைக் கட்டியவரும் ஒருவரே.

ஏறத்தாழ மூன்று மாதத்தில் குட்டி நோயுற்று இறந்தது. அதன் இழப்புக்காகத் தாம் மிக வருந்தியதாக வாலஸ் எழுதுகிறார். அடுத்து, அதன் தோலையும் எலும்புக்கூட்டையும் பதப்படுத்தியதாகவும் எழுதுகிறார். அப்போதுதான், மரத்திலிருந்து விழுந்தபோதே அதற்கு ஒரு கையும் ஒரு காலும் முறிந்து, பின் தாமாகப் பொருந்தியிருந்தமை தெரியவந்தது. மூன்று மாதம் தாம் தினமும் தூக்கி வளர்த்த உடலின் காயத்தை, அதை உரித்த பின்னரே அவரால் அறிய முடிந்தது.

இப்பகுதியைப் படித்த எமக்கு முதலில் தோன்றியது சினம். பலமுறை படித்தபின் அச்சினம் அவ்வளவு எளிதாக நிற்கவில்லை. கத்தியை எடுத்த கையும் கஞ்சி ஊட்டிய கையும் ஒன்றே என்பதை வாலஸ் மறைக்கவில்லை. வாய்ப்பிருந்தும் அவர் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளவில்லை. ஐரோப்பிய இயற்கையியலாளரின் எதிர்வினை உணர்ச்சியற்ற ஆர்வம் என்னும் பொதுக்கூற்று இந்த ஒரு பதிவிலேயே உடைந்துபோகிறது.

ஆரு: முதியவரின் வினா

1857ஆம் ஆண்டின் முற்பகுதியில் வாலஸ் நியூகினியை அடுத்த ஆரு தீவுகளில் தங்கினார். வானும்பாய் என்னும் சிற்றூரில் அவ்வூர் மக்களோடு ஒரே வீட்டில் இருந்தபோது, ஒருநாள் மாலை அவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வினவினர். இத்தனை கவனமாகப் பாடம் செய்யும் விலங்கு, பறவை, பூச்சி, சிப்பிகளெல்லாம் எதற்கு? அவற்றைத் திணித்து உயிருள்ளனபோல் வைத்தால் தம் நாட்டு மக்கள் சென்று பார்ப்பர் என்றார் வாலஸ். இவ்விடை அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. துணியும் கண்ணாடியும் கத்தியும் செய்யத் தெரிந்த நாட்டவர் ஆருவின் பறவையைப் பார்ப்பதற்காகவா இத்தனை பாடுபடுவர்? முதியவர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, கடலில் போனதும் இவை என்ன ஆகும் என்று கேட்டார். பெட்டிகளில் இருக்கும் என்றார் வாலஸ். இவை எல்லாம் மீண்டும் உயிர் பெறுகின்றன, அப்படித்தானே என்பது முதியவரின் அடுத்த கேள்வி. வாலஸ் அதை வேடிக்கையாக்கிக் கடக்க முயன்றார். முதியவரோ தம் முடிவில் உறுதியாக நின்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வேடிக்கை நிகழ்ச்சியாகவே இது பெரும்பாலும் படிக்கப்படுகிறது. ஆனால் முதியவரின் சிந்தனை படிப்படியாக அமைந்தது. இவர் பெரும் உழைப்பைச் செலுத்துகிறார். வெறுமனே பார்த்தல் என்னும் பயன் அவ்வுழைப்புக்கு ஈடாகாது. ஆகவே சொல்லாத வேறொரு பயன் இருக்க வேண்டும். இத்துணைப் பரிவோடு காக்கப்படுவது உயிராகத்தான் இருக்க முடியும். கிடைத்த சான்றுகளைக் கொண்டு ஒரு கருதுகோளை அமைப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அவர் பாடம் செய்தலை அறியாதவரும் அல்லர். ஆரு மக்களே சொர்க்கப் பறவையின் தோலை நெடுங்காலமாக உரித்து விற்றவர்கள். சிறகையும் காலையும் வெட்டி நீக்கி, தோலை அலகு வரை உரித்து, குச்சி செருகி, இலை திணித்து, பாளையில் சுற்றிப் புகையில் உலர்த்தும் அவர்களின் முறையை வாலஸே விவரிக்கிறார். வணிகத்துக்காகத் தோல் என்பது அவர்களுக்கு விளங்கும். வண்டையும் சிப்பியையும் கூட விடாமல் காக்கும் பரிவு மட்டுமே விளங்கவில்லை.

இங்கு மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 1522இல் மெகல்லன் குழுவின் எஞ்சிய கப்பல் வழியாக இப்பறவைத் தோல்கள் ஸ்பெயினை அடைந்தன. கால் வெட்டப்பட்ட தோல்களையே கண்ட ஐரோப்பியர், இப்பறவைக்குக் காலே இல்லை, இது தரையில் இறங்காமல் வானிலேயே வாழ்வது என்று நம்பினர். 1758இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய அறிவியற் பெயர் ‘அபோடா’, அதாவது காலற்றது. அப்பெயர் இன்றும் நிலைத்துள்ளது. பாடம் செய்த தோலை வைத்துக் கற்பனையை வளர்த்தல் எந்த ஒரு மக்களுக்கும் தனியுரிமை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆருவில் தம் முதல் அரச சொர்க்கப் பறவையைக் கையில் ஏந்தியபோது வாலஸ் எழுதியதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நாகரிக மனிதர் இக்காடுகளை அடைந்தால், எந்த உயிர்களின் அழகை அவர்களால் மட்டுமே போற்ற முடியும் என்று கருதப்படுகிறதோ அவ்வுயிர்களையே அழித்துவிடுவர் என்று அவர் எண்ணினார். எல்லா உயிர்களும் மனிதருக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்னும் முடிவுக்கும் அங்கேயே வந்தார். முதியவர் மீண்டெழுதலைக் கண்டார். வாலஸ் அழிவைக் கண்டார். இருவர் முன்னும் இருந்தது ஒரே பறவைத் தோல்.

பதிவில் இல்லாத கைகள்

இம்மூவரின் எதிர்வினைகளாவது நமக்குக் கிடைத்தன. தோலை உரித்தவர்களின் எதிர்வினை கிடைப்பது அரிது. வாலஸின் உதவியாளராகச் சரவாக்கில் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர், பறவைகளைச் சுட்டு உரித்துப் பதனிடுவதில் தேர்ந்தார். 1858இல் பச்சான் தீவில் வாலஸின் பெயரால் வழங்கும் புதிய சொர்க்கப் பறவையை முதலில் கொண்டுவந்தவர் அவரே. அப்பறவையின் அறிவியற் பெயரில் அலி இல்லை. 1826இல் எடின்பரோவில் இளம் டார்வினுக்குப் பறவைகளைப் பாடம் செய்யக் கற்பித்தவர், கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன். டார்வின் தம் தன்வரலாற்றில் அவருடைய அறிவையும் இனிய பண்பையும் பாராட்டுகிறார், பெயரைச் சொல்லவில்லை. பாடம் செய்தவர் மாதிரியில் தம் சுவடு தெரியாதபடி செய்வதே அத்தொழிலின் திறன். அத்திறனுக்கு அவர்கள் கொடுத்த விலை வரலாற்றிலிருந்தும் மறைந்துபோனதே ஆகும்.

சிங்கப்பூரில் எஞ்சியவை

சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் நூலக அருங்காட்சியகத்தின் ஸ்டாம்ஃபோர்டு சாலைக் கட்டடம் 1887இல் திறக்கப்பட்டது. பல தலைமுறைகளாகப் பாடம் செய்த விலங்குகளைக் காணக் குடும்பங்கள் அங்குச் சென்றன. விடுதலைக்குப் பின் தேசிய அருங்காட்சியகத்தின் நோக்கம் வரலாறு, கலை என்று மாறியபோது, 1972இல் இயற்கை வரலாற்றுத் தொகுப்பு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிலையான இடமின்றி அது பல ஆண்டுகள் வளாகம் விட்டு வளாகம் மாறியது. வளரும் நாட்டுக்குப் பழைய தோல்களால் என்ன பயன் என்னும் எண்ணமும் ஓர் எதிர்வினையே. 2015இல் லீ காங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோதே அத்தொகுப்பு மீண்டும் தக்க இல்லத்தை அடைந்தது.

அதன் பயன் இடையிலேயே வெளிப்பட்டிருந்தது. 1819க்குப் பின் சிங்கப்பூர் தன் இயற்கை வாழிடத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் இழந்ததையும், அதனால் எத்தனை உயிரினங்கள் இத்தீவிலிருந்து மறைந்தன என்பதையும் 2003ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. எது இருந்தது என்பதற்குச் சான்று இருந்தால்தான் எது இல்லை என்று சொல்ல முடியும். அச்சான்று பழைய பட்டியல்களிலும் பெட்டிகளில் உறங்கிய தோல்களிலும் இருக்கிறது. இன்று அத்தோல்களிலிருந்து மரபணுவையும் பிரித்தெடுக்கின்றனர். இறந்தவை உயிர் பெறவில்லை என்பது உண்மை. ஆயினும், பெட்டியில் போவது வெறும் பார்வைக்காக இருக்க முடியாது என்று ஆரு முதியவர் நினைத்ததில் தவறில்லை.

அவ்வருங்காட்சியகத்தில் 1883இல் சிக்லாப் கடற்கரையில் பிடிபட்ட ஏழுவரி ஆமை ஒன்று பாடம் செய்து வைக்கப்பட்டுள்ளது. அதன் முன் எம் மாணவர்களோடு நின்றபோது, ஒருவர் படமெடுத்தார். ஒருவர் முகம் திருப்பிக்கொண்டார். பயிற்சி ஆசிரியையான ஒருவர், ‘பாவம், இதை ஏன் இன்னும் நிற்க வைத்திருக்கிறார்கள்?’ என்று மெல்லக் கேட்டார். அப்போது எம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. சிக்லாப் கரைக்கு அத்தகைய ஆமை வந்தது என்பதை இன்று நம்புவதற்கு இந்த உடல் வேண்டியிருக்கிறது என்று பின்னர்ச் சொன்னோம். அவர் தலையசைத்தார், ஆனால் முகம் தெளியவில்லை. அவருடைய வினாவும் எம் விடையும் ஒன்றையொன்று நீக்கவில்லை என்று இப்போது கருதுகிறோம்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று பதிவுகளால் பெறப்படுவன இவை. பாடம் செய்த உடலுக்கு மனிதர் காட்டும் எதிர்வினையை ஐரோப்பிய அறிவு, ஆசிய மூடநம்பிக்கை என்று பகுப்பது சான்றுகளுக்குப் பொருந்தாது. மலாக்கா இளைஞர் அதில் உழைப்பையும் மதிப்பையும் கண்டார். ஆங்கிலேயச் சேகரிப்பாளர் பாசத்தையும் அழிவையும் ஒருங்கே உணர்ந்தார். ஆரு முதியவர் அதன் நோக்கத்தை ஆராய்ந்தார். மூவரையும் பிரிப்பது இனமன்று. அந்த உடலோடு ஒவ்வொருவருக்கும் இருந்த தொடர்பே.

தோற்கன்றைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த தயக்கம் இங்கு வழிகாட்டுகிறது. அவர்கள் தோலைக் கண்டு அஞ்சவில்லை. அதனால் யார் பயன்பெறுகிறார், யார் ஏமாற்றப்படுகிறார் என்றே கேட்டனர். அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள், ‘பாவம்’ என்று வரும் முதற் சொல்லை அறியாமை என்று ஒதுக்காமல், வரலாற்று வினாவின் தொடக்கமாகக் கொள்ளலாம். இது எங்கே வாழ்ந்தது, யார் கொன்றார், யார் உரித்தார், யார் பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டது, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவ்வினாவை விரித்துச் செல்லலாம். பாடநூலில் பறவையின் பெயரைக் கற்பதோடு நின்றுவிடாத ஒரு பயிற்சியாக அது அமையும்.

எம் பாட்டியார் தோற்கன்றைப் பற்றிப் பேசுகையில் ஏன் குரலைத் தாழ்த்தினார் என்பது எமக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஆரு முதியவரும் தம் வினாவைக் குரலைத் தாழ்த்தியே கேட்டார் என்று வாலஸ் குறித்திருப்பதைப் படித்தபோது, அது ஓரளவு விளங்கியது.